குதிரை டிரெய்லருக்கு எந்த டிரக், எந்த ஹிட்ச்?

அமெரிக்காவில் குதிரை வைத்திருப்பவர்களுக்குப் பிக்கப் டிரக்கும் டிரெய்லரும் ஆடம்பரமில்லை. மருத்துவரிடம் கூட்டிப் போகவும், போட்டிகளுக்குப் போகவும், கலிபோர்னியா போன்ற இடங்களில் காட்டுத்தீ நெருங்கும்போது குதிரையோடு ஊரைவிட்டு வெளியேறவும் அவை வேண்டும். ஆனால் டிரக் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்கும் கேள்வி, “இது எவ்வளவு இழுக்கும்?” விளம்பரத்தில் 11,000 பவுண்டு என்று போட்டிருந்தால் மனம் நிறைந்துவிடுகிறது. இழுவைத் திறனைக் கடைசியாகப் பார்த்தால் போதும் என்பேன். டிரக் தன் முதுகில் எவ்வளவு தாங்கும், பின்னால் வரும் பாரத்தை அலையாமல் பிடித்து நிறுத்துமா என்ற இரண்டும்தான் முதலில் தெரியவேண்டியவை.

டிரக்கை வாங்கிவிட்டு டிரெய்லர் தேடுவதும் தலைகீழ் வேலை. டிரெய்லரின் கணக்கை முதலில் போடவேண்டும். அமெரிக்காவில் பரவலாக உள்ள குவார்ட்டர் குதிரை ஏறத்தாழ 1,000 முதல் 1,200 பவுண்டு, அதாவது 450 முதல் 550 கிலோ இருக்கும். இரண்டு குதிரைகளுக்கான சாதாரண டிரெய்லர் காலியாகவே 3,000 பவுண்டு வரும். அலுமினிய டிரெய்லர் கட்டாயம் இலேசாக இருக்கும் என்று நம்பவேண்டாம். எஃகின் வலு வருவதற்கு அதில் கனத்தைக் கூட்டிச் செய்கிறார்கள், அதனால் தகட்டில் அச்சிட்ட எடையைப் படித்தே முடிவெடுக்கவேண்டும். சேணம், வைக்கோல், தீவனம் எல்லாம் சேரும். 25 காலன் தண்ணீர் மட்டுமே 200 பவுண்டுக்கு மேல். எல்லாம் கூட்டினால் சுமார் 5,700 பவுண்டு.

இனி, இந்த 5,700-இல் எவ்வளவு டிரக்கின் மேல் உட்காரும் என்று பார்க்கவேண்டும். மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றுகிறவர்கள் முன்பாரம், பின்பாரம் பார்த்துத்தான் அடுக்குவார்கள். பின்பாரமானால் ஏர்க்கால் மேலே தூக்கும், முன்பாரம் மிஞ்சினால் மாட்டின் கழுத்து நோகும். டிரெய்லரிலும் அதே கணக்குதான். டிரக்கின் பின்புறத்தில் மாட்டும் வகையில், மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம், டிரெய்லரை டிரக்கோடு இணைக்கும் ஹிட்ச் மேல் முன்பாரமாக இறங்கவேண்டும். அதற்குக் குறைந்தால் டிரெய்லர் பாம்புபோல நெளியத் தொடங்கும். நம் கணக்கில் 12 சதவீதம் என்று வைத்தால் 680 பவுண்டு.

அரை டன் வகை என்று சொல்லப்படும் ஃபோர்டு எஃப்-150, ராம் 1500, செவர்லே சில்வராடோ 1500 போன்ற டிரக்குகளில் ஓட்டுநர் கதவைத் திறந்தால், கதவுச் சட்டத்தில் ஒரு ஒட்டுச்சீட்டு தெரியும். ஆட்களும் சுமையும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். இதுதான் பேலோடு. அந்த ஒரு டிரக்குக்கே உரிய எண் இது. அதே மாடலில் பக்கத்தில் நிற்கும் வண்டிக்கு வேறாக இருக்கும். சீட்டில் 1,500 என்று இருப்பதாகக் கொள்வோம். பெரியவர்கள் நால்வர் ஏறினால் 700. முன்பாரம் 680. ஹிட்ச் சாமான் 90. பின்தட்டில் பெட்டி, கூடாரம் என்று 150. மொத்தம் 1,620 ஆகிவிட்டது. இழுவைத் திறனில் பாதியளவே பயன்படுத்தியிருக்கிறோம், ஆனால் பேலோடு தாண்டிவிட்டது. பின் அச்சும் டயரும் அளவுக்கு மீறி அமுங்க, முன்சக்கரத்தின் மேல் பாரம் குறைந்து ஸ்டியரிங் பிடி தளர்கிறது. டிரக் வாங்கப் போகும் ஒவ்வொருவரும் விலை பேசுவதற்கு முன் அந்தக் கதவைத் திறந்து பார்க்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

விளம்பரத்தில் வரும் இழுவை எண் பொய்யல்ல. இப்போது முக்கியமான கம்பெனிகள் எஸ்.ஏ.இ. ஜே2807 என்ற பொதுத் தரத்தின்படி சோதிக்கின்றன. 2011 மாடல்களிலேயே டொயோட்டா அதை முதலில் ஏற்றது. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகிலுள்ள நெடிய ஏற்றத்தில், கொளுத்தும் வெயிலில், ஏ.சி.யை முழுதாக வைத்துக்கொண்டு ஏறிக் காட்டவேண்டும். ஆனால் அந்தக் கணக்கில் டிரக்கில் இருப்பவர்கள் இருவர்தான், தலைக்கு 150 பவுண்டு. அவர்கள் இழுப்பது அசையாத பாரம். குதிரை உயிருள்ள சுமை. அது காலை மாற்றி வைக்கும், ஈயை விரட்ட உதைக்கும், பக்கத்துக் குதிரையோடு முட்டும். எடையும் உயரத்தில் இருக்கிறது. எனவே அச்சிட்ட எண்ணின் விளிம்புவரை போகாமல் நான்கில் ஒரு பங்காவது மிச்சம் வைப்பது நல்லது.

இரண்டு குதிரை டிரெய்லருக்கு, பேலோடு இடம் தருமானால் அரை டன் டிரக் போதும். குட்டையான எஸ்.யூ.வி.களை நான் பரிந்துரைக்கமாட்டேன். முன், பின் சக்கரங்களுக்கு இடையே நீளம் குறைந்தால் டிரெய்லரின் ஆட்டம் வண்டியையே திருப்பிவிடும். மூன்று, நான்கு குதிரை ஏற்றுவதானால் கூஸ்நெக் வகைக்குப் போவார்கள். இதில் மாட்டும் பந்து டிரக்கின் பின்தட்டுக்குள், பின் அச்சுக்கு நேர்மேலே அல்லது சற்று முன்னால் இருக்கும். அதனால் ஆட்டம் மிகக் குறைவு, திருப்பவும் எளிது. இதற்குக் கொடுக்கும் விலை முன்பாரம். அது 20 முதல் 25 சதவீதம். 10,000 பவுண்டு டிரெய்லர் என்றால் 2,000 முதல் 2,500 பவுண்டு டிரக்கின் மேல் ஏறும்.

இங்கே அரை டன்னைவிடப் பெரிய முக்கால் டன், ஒரு டன் வகைகள் வேண்டும். முக்கால் டன்னில் ஒரு கண்ணி இருக்கிறது. பல மாடல்களில் டிரக்கும் அதன் சுமையும் சேர்ந்து 10,000 பவுண்டு என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். டீசல் எஞ்சினின் கூடுதல் கனம் அந்த வரம்புக்குள்ளேயே அடங்கவேண்டியிருப்பதால், பெட்ரோல் வண்டியைவிட டீசல் வண்டிக்குப் பேலோடு குறைந்துவிடுகிறது. மலைச்சாலைகளில் அடிக்கடி இறங்குபவர்களுக்கு எஞ்சினைக் கொண்டே வேகத்தைக் குறைக்கும் டீசலின் எக்ஸாஸ்ட் பிரேக் பெரும் துணை. அப்படியானால் ஒரு டன் வகையாகவே வாங்கிவிடலாம். இன்னொன்று, பின்தட்டு குட்டையாக இருந்தால் திருப்பத்தில் கூஸ்நெக்கின் மூக்கு கேபினின் பின் கண்ணாடியில் இடிக்கும். அளந்து பார்த்துத்தான் வாங்கவேண்டும்.

ஹிட்ச் என்பது ஒரே பொருளல்ல. டிரக்கின் சட்டத்தோடு பூட்டிய ரிசீவர், அதில் செருகும் பால் மவுண்ட், அதன்மேல் பந்து என்று மூன்று. ஒவ்வொன்றிலும் எடை அச்சிட்டிருக்கும். அவற்றில் மிகக் குறைந்ததே உங்கள் வரம்பு. ரிசீவர் சீட்டில் இரண்டு கணக்கு இருக்கலாம். பல அரை டன் டிரக்குகளில் வெறும் பந்தில் மாட்டினால் 5,000 பவுண்டும் 500 பவுண்டு முன்பாரமும்தான் அனுமதி. அதற்கு மேல் போனால் எடையைப் பகிரும் ஹிட்ச் வேண்டும். அதன் ஸ்பிரிங் கம்பிகள் பின் அச்சில் குவியும் பாரத்தில் ஒரு பகுதியை முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுகளுக்கும் தள்ளுகின்றன. நம் 5,700 பவுண்டு டிரெய்லருக்கு இது அவசியம். ஆனால் இது கதவுச் சீட்டின் வரம்பை உயர்த்தாது.

பந்தின் அளவில் கவனக்குறைவுக்கு இடமே இல்லை. குதிரை டிரெய்லர்களில் 2 அங்குலமும் 2 5/16 அங்குலமும் வருகின்றன. பந்தைக் கவ்விப் பிடிக்கும் டிரெய்லர் முனையான கப்ளர் பெரிதாக இருந்து, அதற்குள் சிறிய பந்தை வைத்தாலும் பூட்டிக்கொண்டதுபோல் தெரியும். சாலையில் ஒரு குழியில் விழுந்து எழும்போது கழன்றுவிடும். பூட்டியபின் முன் ஜாக்கைச் சுற்றி டிரெய்லரின் முனையைத் தூக்கிப் பாருங்கள். டிரக்கின் பின்புறமும் சேர்ந்து எழுந்தால்தான் சரியாகப் பிடித்திருக்கிறது. டிரெய்லர் தரைக்கு மட்டமாக நிற்கும்படி பால் மவுண்டின் உயரத்தைத் தேர்ந்தெடுக்கவேண்டும். மூக்கு தூக்கி நின்றால் முன்பாரம் குறைவதோடு, குதிரை வழியெல்லாம் சரிவில் நின்று கால் சோர்ந்துபோகும்.

பிரேக்கைப் பொறுத்தவரை, எந்த எடையிலிருந்து டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். குதிரை ஏற்றினால் சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் வேண்டும். டிரக்கில் வைக்கும் பிரேக் கன்ட்ரோலரில், நீங்கள் மிதிக்கும் அளவுக்கேற்ப டிரெய்லர் பிரேக்கைக் கொடுக்கும் வகையை வாங்குங்கள். மலிவான வகை முன்பே வைத்த வேகத்தில் பிரேக்கைப் போடும், உள்ளே நிற்கும் குதிரை தடுமாறும். பாதுகாப்புச் சங்கிலிகளைக் கப்ளருக்கு அடியில் குறுக்காக மாட்டவேண்டும். டிரெய்லர் கழன்றால் தானாகவே பிரேக் போடும் பிரேக்அவே கம்பியைச் சங்கிலியிலோ பந்திலோ கோர்க்காமல் டிரக்கின் சட்டத்தில் தனியாக மாட்டுங்கள். அதன் பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். ஓடும்போது டிரெய்லர் ஆடத் தொடங்கினால் டிரக் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, கன்ட்ரோலரின் கைவிசையால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் மெல்லக் கொடுங்கள். குதிரைகள் நேராக நிற்கும் இரண்டு தடுப்பு டிரெய்லரில் ஒரே குதிரை என்றால் அதை இடப்பக்கம் நிறுத்துவார்கள். வலப்பக்கம் ஓட்டும் அமெரிக்காவில் சாலை வலப்பக்கமாகச் சரிவதே காரணம்.

காகிதக் கணக்கு முடிந்ததும், குதிரை, ஆட்கள், சாமான் எல்லாவற்றோடும் நெடுஞ்சாலை டிரக் நிறுத்தங்களிலுள்ள எடைமேடையில் ஒருமுறை ஏற்றுங்கள். டிரக்கின் முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சுகள் மூன்றுக்கும் தனித்தனி எண் கிடைக்கும். முதலிரண்டையும் டிரக் கதவிலுள்ள அச்சு வரம்புகளோடும், மூன்றாவதை டிரெய்லர் தகட்டோடும் ஒப்பிடுங்கள். ஏதாவது ஒன்று தாண்டியிருந்தால் சாமானைக் குறையுங்கள். அதுவும் போதாவிட்டால் ஒரு குதிரையை இறக்கிவிட்டு இரண்டு நடையாகப் போங்கள்.