இதழும் விரலும்: பாலர்க்குப் பகரம் கற்பித்தல்

பாலர் பள்ளியில் குழந்தை முதன்முதலாகச் சந்திக்க வேண்டிய தமிழ் எழுத்து எது என்று வினவினால், அகரம் என்றே பெரும்பாலோர் விடை பகர்வர். நெடுங்கணக்கின் முதலெழுத்து அது. அப்பெருமையை எவரும் மறுக்கவியலாது. ஆயினும், எழுதும் கையின் பக்கம் நின்று நோக்கினால் அகரம் கடினமான எழுத்து. சுழி, வளைவு, படுக்கைக் கோடு, நிமிர்ந்த கோடு ஆகிய யாவும் அதில் ஒருங்கே வருகின்றன. நான்கு வயதுக் கை அவற்றை அடக்கியாள இன்னும் பழகவில்லை. அகரத்தைச் செவிக்கு முதலெழுத்தாக வைத்துக்கொண்டு, கைக்கு ட, ப, ம என்னும் எளிய வடிவங்களிலிருந்து தொடங்குவதே தக்கது என்பது நம் துணிபு. அம்மூன்றனுள் பகரத்தை இங்கு எடுத்துக்கொள்கின்றோம். வடிவால் எளிய அவ்வெழுத்து, ஜொகூர்க் குழந்தையின் செவிக்கு மட்டும் ஒரு சிக்கலை வைத்திருக்கிறது.

அக்குழந்தை யார் என்பதை முதலில் நினைவிற்கொள்வோம். ஜொகூர் பாருவில் தாய் தந்தையர் பலர் விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூருக்குப் பணிக்குச் செல்கின்றனர். பகலெல்லாம் குழந்தை கேட்பது மழலையர் காப்பகத்தின் மலாயும் ஆங்கிலமுமே. வீட்டில் பாட்டி இருந்தால் தமிழ் ஒலிக்கும். இல்லையேல் அதுவும் அரிது. இத்தகைய குழந்தை ஐந்து வயதில் தமிழ்ப்பள்ளியின் பாலர் வகுப்பில் அமர்கிறது. சுவரில் தொங்கும் எழுத்துப் படத்தில் உகரத்திற்கு உரல் காட்டப்படுகிறது. குழந்தை அறியாத ஒலி, அறியாத பொருள், அறியாத வடிவம் ஆகிய மூன்றும் ஒரே கணத்தில் அதன் முன் நிற்கின்றன. அது வாய் திறவாது. அம்மௌனத்தைக் காணும் பெற்றோர், “தமிழ் என் பிள்ளைக்கு வராது” என்று முடிவு கட்டி, முதலாம் ஆண்டிற்கு வேறு பள்ளியை நாடுதல் கூடும். ஓரெழுத்தை எவ்வாறு அறிமுகம் செய்கின்றோம் என்பது ஒரு பள்ளியின் மாணவர் எண்ணிக்கையையும் தொடும் செய்தி.

ஆகவே வடிவத்தைப் பின்னுக்குத் தள்ளி, ஒலியை முதலில் வைப்போம். தொல்காப்பியத்தின் பிறப்பியல், பகரமும் மகரமும் இரண்டு இதழும் இயைவதனால் பிறப்பன என்று உரைக்கிறது. இந்நுட்பத்தைக் குழந்தைக்கு உணர்த்த ஒரு சிறு கண்ணாடி போதும். ‘பல்’, ‘பழம்’, ‘பத்து’ என்று சொல்லித் தன் இதழ்கள் ஒட்டிப் பிரிவதைக் குழந்தை தானே பார்க்கட்டும். பின்னர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ‘ம்’ என்னும் ஒலியை நீட்டச் சொல்க. ஒலி நின்றுவிடும், வகுப்பு சிரிக்கும். அதே நிலையில் ‘ப’ என்று சொல்ல யாதொரு தடையும் இராது. மகரத்திற்கு மூக்கும் வேண்டும், பகரத்திற்கு வேண்டா என்னும் இலக்கணம் இவ்விளையாட்டிலேயே கைவந்துவிடும். ஆங்கிலம் பழகிய குழந்தை ‘பென்’ என்னும்போது காற்றை ஊதித் தள்ளும்; முகத்தெதிரே ஒரு தாள் துண்டைப் பிடித்தால் அது அசைவதைக் காணலாம். தமிழ்ப் பகரத்தில் அவ்வூதல் இல்லை. மலாய்ச் சொற்களாகிய ‘பாடி’ (நெல்), ‘பாசார்’ (சந்தை) என்பவற்றின் முதலொலி நம் பகரத்திற்கு மிக அணுக்கமானது. குழந்தை அறிந்த மலாயைத் தமிழுக்குப் பகையாகக் கருதாமல், படியாகக் கொள்ளலாம்.

மேற்கூறிய சிக்கல் இங்குதான் தலைகாட்டுகிறது. நம் மாநிலத்து நகரொன்றைப் ‘பத்து பகாட்’ என்று எழுதுகின்றோம். இரு சொல்லும் ஒரே பகரத்தில் தொடங்குகின்றன. ஆனால் மலாயில் முன்னது அதிரும் ஒலி, பின்னது அதிரா ஒலி. ஆங்கில நெடுங்கணக்கில் அவற்றுக்கு இரண்டு தனி எழுத்துகள் உண்டு. அவ்விரண்டையும் முன்னரே கற்ற குழந்தை, தமிழில் ஓரெழுத்து இரண்டிற்கும் நிற்பதைக் கண்டு மலைக்கும். இவ்வுண்மையை முதல் வாரத்திலேயே விளக்கப் புகுதல் வேண்டா. தொடக்கச் சொற்களைத் தெரிந்தெடுப்பதில் விழிப்பாக இருந்தால் போதும். ‘பலூன்’ குழந்தைகட்கு இனியதுதான். எனினும் அதன் முதலொலி அதிரும் ஒலி. ‘பஸ்’ என்பதும் அவ்வாறே. அச்சிட்ட பயிற்சித் தாள்களில் பகரத்திற்குப் பலூன் படம் இடம்பெற்றிருந்தால் அதனை நீக்கிப் பப்பாளியை வைக்கலாம். பல், பழம், பணம், பத்து, பச்சை, பருப்பு, பலா, பல்லி ஆகியவை ஐயத்திற்கு இடமில்லாதவை. ‘பசியாறுதல்’ என்னும் நம் நாட்டு வழக்கை மறத்தல் கூடாது. காலைதோறும் “பசியாறியாயிற்றா?” என்று பாட்டி கேட்கும் சொல்லைவிடப் பகரத்திற்கு உயிர்ப்பான சான்று ஏது?

அடுத்து ஒரு துணிப்பை. அதனுள் ஒரு பழம், பத்துக் காசு, சிறிது பஞ்சு, பருப்புப் பொட்டலம் ஆகியவற்றோடு கல், இலை, சாவி ஆகியவற்றையும் இடுக. குழந்தை கையை விட்டுத் துழாவி ஒன்றை எடுத்துப் பெயர் சொல்லும். சொல் தொடங்கும்போது இதழ் ஒட்டினால் அப்பொருள் தட்டில் இடம்பெறும். ஒட்டாவிடில் பைக்குள் திரும்பும். மகரச் சொற்களை முதல் நாளில் சேர்த்தல் வேண்டா; இரண்டாம் நாள் மணி ஒன்றைச் சேர்த்தால் மூக்கைப் பிடித்துப் பார்க்க மீண்டும் ஒரு வாய்ப்பு. இவ்வளவும் நிகழும்வரை எழுத்தின் வடிவத்தைக் காட்டவே தேவையில்லை.

வடிவத்திற்கு வரும்போது நமக்கு மணல் இருக்கிறது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகியவர்கள். 1787இல் சென்னைக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், எழும்பூரில் படைவீரர்தம் ஆண்குழந்தைகட்கான ஆதரவற்றோர் இல்லத்தை 1789 முதல் மேற்பார்த்தார். உள்ளூர்ப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டு, அம்முறையைத் தம் இல்லத்தில் புகுத்த விழைந்தார். அங்கிருந்த ஆசிரியர் இசையாமையால், எட்டு வயது மாணவன் ஒருவனைக் கொண்டே சிறு பிள்ளைகட்குக் கற்பித்தார். தாயகம் திரும்பிய அவர் 1797இல் இலண்டனில் வெளியிட்ட நூலின் வழி, மணல் தட்டும் மாணவர் மாணவர்க்குக் கற்பித்தலும் இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவின. 1907இல் உரோமில் தம் குழந்தையர் இல்லத்தைத் திறந்த மரியா மாண்டிசோரி, உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவச் செய்தார். 1939இல் அவர் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சியளித்தார். மேலை நாட்டு முறை என்று இன்று நாம் விலை கொடுத்து வாங்குவதில் ஒரு பகுதி, நம் திண்ணையிலிருந்து சென்றதற்கு நெருங்கிய உறவுடையது. விசயதசமியன்று குழந்தையின் விரலைப் பிடித்து அரிசித் தட்டில் எழுதுவிக்கும் மரபு இன்றும் உள்ளது. எனினும் அன்றாட வகுப்பிற்கு அரிசியை நாம் பரிந்துரைப்பதில்லை. உணவைக் காலடியில் சிந்த விடுவது பல குடும்பங்களின் மனத்திற்கு ஒவ்வாது. மாவோ நம் ஈரக்காற்றில் கட்டிபிடித்துவிடும். மெர்சிங் கடற்கரை போன்ற இடத்து மணலைக் கழுவி வெயிலில் உலர்த்தினால் ஆண்டு முழுதும் பயன்படும். தட்டின் அடியில் கருநிறத் தாள் ஒட்டி, மணலை மெல்லிய படலமாகப் பரப்பினால், விரல் சென்ற தடம் கருங்கோடாகத் துலங்கும்.

பகரம் கையெடாமல் எழுதப்படும் எழுத்து: இடப்புறம் மேலிருந்து கீழ், அடியில் வலப்புறம், பின் மேல். இடவலமாகத் திருப்பினாலும் அதன் உரு மாறாது. ஆங்கிலச் சிற்றெழுத்துகள் சிலவற்றில் நேரும் கண்ணாடிக் குழப்பம் இதில் இல்லை. அதனாலேயே ஒரு பிழை மறைந்து நிற்கும். வலப்புறத்திலிருந்து தொடங்கிய குழந்தையும் பிழையற்ற பகரத்தையே காட்டும். ஆசிரியர் முடிந்த வடிவத்தை மட்டுமன்றி விரல் தொடங்கும் இடத்தையும் நோக்க வேண்டும். தரையில் ஒட்டுநாடாவால் பெரிய பகரம் அமைத்து, தொடங்கும் மூலையில் பச்சை அட்டை வைத்து நடக்கச் செய்தால் இது எளிதில் பதியும்.

மாவு பிசைதல் நாம் பெரிதும் விரும்பும் செயல். கோதுமை மாவு இரண்டு பங்கு, உப்பு ஒரு பங்கு, தண்ணீர் ஏறத்தாழ ஒரு பங்கு. குழந்தை அதனைக் கயிறாக உருட்டி ஒருமுறை மடித்தால் டகரம்; மீண்டும் ஒருமுறை மடித்தால் பகரம். நுனியைச் சுழித்து உள்ளே வளைத்தால் மகரம். பென்சிலைப் பிடிக்கப் போகும் அதே விரல்கள் இங்கு வலுப்பெறுகின்றன. பருப்பை அட்டையில் ஒட்டுவதும் நன்றே. எனினும் மிகச் சிறிய பிள்ளைகள் மூக்கிலோ வாயிலோ இட்டுக்கொள்ளாதபடி அருகில் ஒருவர் இருத்தல் வேண்டும். பயிற்சித் தாளில் பழத்திற்கு வண்ணம் தீட்டுவதைப் பற்றி ஒன்று கூறலாம்: அங்குக் குழந்தை பழத்தைத்தான் பார்க்கிறது, எழுத்தை அன்று.

பகரத்திற்கு ஒரு வாரமேனும் கொடுப்போம். ‘பானா’ என்னும் பெயரைப் பின்னர்ச் சொல்லிக்கொள்ளலாம். இப்போது ‘பல்’ என்பதன் முதலில் கேட்கும் ஒலியே அதன் பெயர். அடுத்த இரு வாரங்களில் டகரமும் மகரமும் சேரும். அதன்பின் மகரத்தின் மீது புள்ளி வைத்தால் ஒலி குறுகி நிற்பதைச் சொல்லிக் காட்டி, மூன்று அட்டைகளை வரிசையாக வைப்போம். குழந்தை தானாகவே வாய்விட்டுப் படிக்கும்: படம்.