உஷார்! இழுப்பு இல்லாத இருமலும் ஆஸ்துமாவாக இருக்கலாம்

பகலில் ஆள் நன்றாகத்தான் இருக்கிறார். நள்ளிரவு தாண்டினால் எழுந்து உட்கார்ந்து வறட்டு இருமல். இழுப்பு இல்லை, எக்ஸ்ரேயும் நார்மல். "சாதாரண இருமல்தான்" என்று மூன்றாவது பாட்டில் சிரப் வாங்கப் போகிறீர்களா? நில்லுங்கள்!

இருமலை மட்டுமே காட்டும் ஆஸ்துமா உண்டு. 'காஃப் வேரியன்ட் ஆஸ்துமா' என்பார்கள். 1970களிலேயே மருத்துவ இதழ்களில் பதிவான நோய். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரியிலும் பிடிபடாமல் தப்பிவிடும். மெத்தகோலின் மருந்தைச் சுவாசிக்கவைத்துச் சோதித்தால்தான் மூச்சுக்குழாய் சட்டென்று சுருங்குவது தெரியும். குழாயை விரிக்கும் இன்ஹேலருக்கு இருமல் அடங்கினால் அது வலுவான துப்பு. கவனிக்காமல் விட்டால் சிலருக்கு நாளடைவில் இழுப்பும் சேர்ந்துகொள்ளும்.

இதற்குப் பங்காளி ஒன்று உண்டு: ஈஸினோஃபிலிக் பிராங்கைட்டிஸ். இதிலும் வறட்டு இருமல்தான். ஆனால் குழாய் சுருங்காது, விரிக்கும் மருந்தும் வேலை செய்யாது. சளியில் ஈஸினோஃபில் அணுக்கள் சுமார் 3 சதவீதத்தைத் தாண்டியிருக்கும்; ஸ்டீராய்டு இன்ஹேலருக்குத்தான் கட்டுப்படும். ஜப்பானிய மருத்துவர்கள் 'அடோபிக் காஃப்' என்று இன்னொன்றைத் தனியே பிரிக்கிறார்கள். தொண்டை அரிப்போடு வரும் அந்த இருமல் அலர்ஜி மாத்திரைக்கு மசியும்.

இங்கேதான் பெரிய ஆபத்து. மெடிக்கல் ஷாப்பில் கலந்து கட்டித் தரும் 'செட்' மாத்திரையில் பல நேரம் ஸ்டீராய்டும் இருக்கும். இருமல் சீக்கிரமே அடங்கிவிடலாம். கூடவே சளியிலிருந்த ஈஸினோஃபில் என்ற தடயமும் அழிந்துவிடும். பிறகு எந்த டாக்டர் சோதித்தாலும் குழப்பம்தான். சர்க்கரை எகிறுவது தனிக்கதை.

எல்லா இருமலையும் ஆஸ்துமா என்று முடிவு கட்டுவதும் தப்பு. இரண்டு வாரம் தாண்டினால் முதலில் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை. அரசு மருத்துவமனைகளில் இலவசம். பிரஷருக்கு ராமிப்ரில், எனலாப்ரில் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையே இருமலைக் கிளப்பலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லி மாற்றுங்கள். நெஞ்செரிச்சலும் மூக்கிலிருந்து தொண்டைக்கு வழியும் சளியும்கூட இப்படிப் படுத்தும்.

பெரியவர்களுக்கு எட்டு வாரம், குழந்தைகளுக்கு நான்கு வாரம் இருமல் நீடித்தால் நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். இதுவரை விழுங்கிய எல்லா மாத்திரை அட்டைகளையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். சளியில் ரத்தம் வந்தாலோ, ஒரு வாக்கியம் பேசி முடிக்க மூச்சு போதாவிட்டாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள்.