பயத்துக்குப் பிரேக் போடும் மருந்து

பாண்டிச்சேரியில் பதற்றம் தணிக்கும் மருந்து கொடுத்துப் பல் பிடுங்குவதென்றால், மருத்துவர் கேட்டே ஆகவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "நேத்து ராத்திரி குடிச்சீங்களா?" சரக்கு மலிவாகக் கிடைக்கும் ஊர் என்பதற்காக மட்டும் கேட்பதில்லை. மதுவும் அந்த மருந்தும் மூளையில் போய் வேலைசெய்யும் இடம் ஒன்றே.

மூளையில் நரம்பணுக்களைக் கிளப்பிவிடும் ரசாயனங்களும் உண்டு, அடக்கிவைப்பவையும் உண்டு. அடக்குவதில் முதன்மையானது காபா. நரம்பணுவின் மேலுள்ள ஏற்பியில் அது ஒட்டியதும் நுண்ணிய வாய்க்கால் ஒன்று திறக்கும். குளோரைடு அயனிகள் உள்ளே பாய, அணு சற்று நேரம் அடங்கிக் கிடக்கும். டயஸிபாம், அல்பிரசோலம், மிடசோலம் முதலிய பென்சோடயஸிபைன் மருந்துகள் இந்த வாய்க்காலைத் தாமாகத் திறப்பதில்லை. அதே ஏற்பியின் வேறொரு மூலையில் உட்கார்ந்து, காபா வரும்போது அது அடிக்கடி திறக்கும்படி செய்கின்றன. காரில் பவர் பிரேக் போலத்தான்: மிதிப்பது காபா, மிதியின் வலுவைக் கூட்டுவது மருந்து.

இவற்றுக்கு முன்பு புழங்கிய பார்பிட்யூரேட்டுகள் அளவு மீறினால் காபா இல்லாமலேயே வாய்க்காலைத் திறந்து மூச்சை நிறுத்திவிடும். பென்சோடயஸிபைனைத் தனியாகக் கொடுத்தால் அந்த ஆபத்து குறைவு. மதுவோ அபின் வகை வலிமருந்தோ கூடச் சேர்ந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

இதெல்லாம் தெரிவதற்கு முன்பே மாத்திரை வந்துவிட்டது. 1957இல் அமெரிக்காவில் ரோஷ் நிறுவனத்தில் லியோ ஸ்டெர்ன்பாக்கின் ஆய்வகத்தை ஒழுங்குபடுத்தியபோது, சோதிக்காமல் ஒதுக்கிவைத்திருந்த பொருள் ஒன்று கண்ணில் பட்டது. சோதித்ததில் விலங்குகள் தூங்கிவிடாமலேயே சாதுவாயின. அதுதான் 1960இல் லிப்ரியம் ஆயிற்று. 1963இல் வேலியம், அதாவது டயஸிபாம், வந்தது. மூளையில் இவை ஒட்டும் இடம் 1977இல்தான் பிடிபட்டது.

பல் மருத்துவத்தில் அதிகம் உதவுவது மிடசோலம். குப்பியில் அமிலக் கரைசலில் இருக்கும்போது அதன் மூலக்கூறு வளையம் திறந்திருக்கும், அதனால் தண்ணீரில் கரையும். ரத்தத்தில் கலந்ததும் அமிலத்தன்மை போய் வளையம் மூடிக்கொள்ளும். உடனே கொழுப்பில் கரையும் பொருளாக மாறி மூளைக்குள் நுழைந்துவிடும். நரம்பில் ஏற்றினால் இரண்டு மூன்று நிமிடத்தில் ஆள் சாந்தமாகிவிடுவார். "வாயைத் திறங்க" என்றால் திறப்பார், ஆனால் நடந்தது பிறகு பெரும்பாலும் நினைவிருக்காது. ஊசிக்குப் பயப்படும் குழந்தைகளுக்கு மூக்கில் தெளித்தும் கொடுக்கலாம். வலியை இது போக்காது, அதற்கு மரத்துப்போகும் ஊசி தனியாக வேண்டும். அளவு கூடிவிட்டால் ஃப்ளூமசெனில் என்ற முறிமருந்து இருக்கிறது. இருந்தாலும் அன்றைக்கு வண்டி ஓட்டக்கூடாது, வீட்டுக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும்.

இதே குடும்ப மருந்துகள் குடியை நிறுத்துபவரின் உயிரையும் காக்கின்றன. பாண்டிச்சேரியில் 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் மருத்துவமனையின் மனநல மருத்துவர்களுக்கு இது பழகிய வேலை. தினமும் மது காபாவின் வேலையைக் கூட்டிக்கொண்டே இருந்தால், மூளை தன் பிரேக்கைத் தளர்த்தி ஈடுசெய்துகொள்ளும். திடீரென்று குடியை நிறுத்தினால் ஒரு நாளுக்குள் கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கும். சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாளில் இல்லாத பூச்சி சுவரில் ஊர்வதாகத் தெரியும். அப்போது குளோர்டயஸிபாக்ஸைடு, அதாவது அந்த லிப்ரியம், கொடுத்து அதன் அளவை நாளுக்கு நாள் குறைப்பார்கள். கல்லீரல் கெட்டிருந்தால், அதற்கு அதிகச் சுமை தராத லோரஸிபாமைத் தேர்ந்தெடுப்பார்கள்.

மாத்திரையையே வாரக்கணக்கில் தினமும் போட்டாலும் மூளை இதேபோல் ஈடுசெய்யும். பழைய அளவு போதாமல் போகும், சட்டென்று நிறுத்தினால் அடங்கியிருந்த பதற்றம் இரட்டிப்பாகத் திரும்பும், சிலருக்கு வலிப்பும் வரும். அல்பிரசோலம், டயஸிபாம் உட்பட இவற்றுள் சில 2014 முதல் இந்திய மருந்து விதிகளின் ஹெச்1 பட்டியலில் இருக்கின்றன. அவற்றை விற்கும் மருந்துக்கடைக்காரர் நோயாளி பெயர், மருத்துவர் பெயர், கொடுத்த அளவு எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பல் பிடுங்க ஒரு வேளை மருந்து வாங்கிக்கொள்பவர் இதற்கெல்லாம் பயப்பட வேண்டியதில்லை. மாதக்கணக்கில் போடுபவர் தானாக நிறுத்தாமல், மருத்துவரிடம் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.