கிடையில் கறுப்புக் குட்டி அற்றுப்போகாத காரணம்

கரிவலம்வந்தநல்லூர் முதலிய கரிசற் கிராமங்களில் செம்மறிக் கிடை வைத்திருப்போர்க்கு, வெண்ணிற ஆடுகளுக்கு இடையிடையே பிறக்கும் கறுப்புக் குட்டி நாளடைவில் தானே அற்றுப்போம் என்றோ, பெருகிக் கிடையையே கெடுத்துவிடும் என்றோ தோன்றுதல் இயல்பு. இரண்டும் சரியன்று.

ஒவ்வோர் ஆட்டினிடத்தும் நிறத்திற்குரிய பரம்பரைக் கூறுகள் இரண்டு உள. தந்தைவழி ஒன்று, தாய்வழி ஒன்று. பல செம்மறியினங்களில் வெண்மைக் கூறு ஒன்றிருப்பினும் ஆடு வெண்மையாகும். இரண்டும் கறுப்புக் கூறாயின் மட்டுமே கறுப்பாகும்.

தலைமுறை பலவாகத் தாராளமாய்க் கலந்துவரும் பெருங்கிடையொன்றில் 100க்கு 4 கறுப்பு எனக் கொள்வோம். அங்கே 32 ஆடுகள் வெண்மையாய்த் தோன்றியும் கறுப்புக் கூறொன்றை மறைத்துக்கொண்டிருக்கும். 64 சுத்த வெண்மை. மொத்தக் கூறு 200. கறுப்பு 8உம் 32உம் சேர்ந்து 40, அதாவது ஐந்திலொன்று. தந்தைவழிக் கறுப்புக் கூறு வருதல் ஐந்தில் ஒரு வாய்ப்பு, தாய்வழியும் அவ்வாறே, இரண்டும் கூடுதல் இருபத்தைந்தில் ஒன்று. ஆகவே அடுத்த தலைமுறையிலும் 100க்கு 4 கறுப்பே.

இவ்விதியை 1908இல் கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டியும், ஸ்டுட்கார்ட் வைத்தியர் வீன்பெர்க்கும் தனித்தனியே வெளியிட்டனர். நம் ராமானுஜனை 1914இல் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்தவர் இந்த ஹார்டியே.

கிடை பெரிதாயிருந்து, வெளியாடு சேராமல், எந்நிறத்தையும் பொறுக்காமல் விட்டால் மட்டுமே இக்கணக்கு நிலைக்கும். சிறு கிடையில் ஒரே கிடாயினால் விகிதம் விரைவில் மாறக்கூடும்.

கறுப்புக் குட்டிகளை மட்டும் கழிப்பதால் பலன் மெதுவாகவே கிட்டும். ஒரு தலைமுறை கழித்தால் 100க்கு 4 என்பது ஏறக்குறைய 3 ஆகும். பத்துத் தலைமுறை கழித்தும் 225க்கு ஒன்று பிறக்கும். மறைவுக் கூறு வெள்ளை ஆடுகளிலேயே தங்கியிருப்பதே காரணம்.

ஆதலின் வெண்மை வேண்டுவோர் பொலிகிடாயைச் சோதித்தறிதல் நலம். கறுப்புப் பெட்டையாடுகள் சிலவற்றை விலக்காது வைத்து, வெண்ணிறக் கிடாயை அவற்றோடு சேர்க்க. ஒரு குட்டியேனும் கறுப்பாயின் அக்கிடாயை நீக்குக. குட்டிகள் 5உம் வெண்மையாயின், கிடாய் பெரும்பாலும் சுத்தமானதே. மறைவுக் கூறுடைய கிடாய்க்கு அவ்வாறு நேர்வது 32இல் ஒரு வாய்ப்பே. கிராமத்திற்குப் பொதுக்கிடாய் வாங்கும் அதிகாரிகளும் இதனைக் கவனித்தல் வேண்டும். ஒரு கிடாயின் சந்ததி பல கிடைகளில் பரவுமன்றோ?