இரு நிறங்களுக்கு இடையே

மாலை வானத்தைக் கவனித்திருக்கிறீர்களா? அடிவானத்தில் செம்மஞ்சளாக இருக்கும் நிறம், மேலே செல்லச் செல்ல ஊதாவாகி, உச்சியில் கருநீலமாக மாறிவிடுகிறது. ஒரு நிறம் எங்கே முடிந்தது, அடுத்த நிறம் எங்கே தொடங்கியது என்று நம்மால் சுட்டிக்காட்ட இயலாது. இவ்வாறு ஒரு நிறம் படிப்படியாக மற்றொரு நிறமாக மாறுவதை வண்ணச் சாய்வு என்பர். தூரிகையால் வரைபவர் ஈர வண்ணங்களைக் குழைத்து இதனை எளிதில் உருவாக்கிவிடுவார். ஆனால், கையில் நான்கே நிறங்கள் இருந்து, அவற்றைக் குழைக்கவும் வழியில்லை என்றால் என்ன செய்வது?

பிக்சல் ஓவியர்கள் எதிர்கொண்ட சிக்கல் இதுதான். கணினித் திரையில் தோன்றும் படங்கள் யாவும் பிக்சல் எனப்படும் நுண்ணிய புள்ளிகளால் ஆனவை. அப்புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்து நிறமிட்டு வரைவதே பிக்சல் ஓவியம். 1984ஆம் ஆண்டு வெளிவந்த முதல் மெக்கிந்தோஷ் கணினியின் திரை கறுப்பு, வெள்ளை ஆகிய இரண்டு நிறங்களை மட்டுமே காட்டியது. 1989இல் அறிமுகமான கேம் பாய் விளையாட்டுக் கருவியின் திரையில் அகலவாக்கில் 160 பிக்சல்களும் உயரவாக்கில் 144 பிக்சல்களும் இருந்தன. அதில் கிடைத்தவை நான்கு சாயல்கள் மட்டுமே. அந்த நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், வானம் வானமாகத் தெரியாது; வண்ணப் பட்டைகளாகவே தெரியும்.

இச்சிக்கலைத் தீர்க்க உதவும் உத்திதான் டித்தரிங். இதனைப் புள்ளிக் கலப்பு எனலாம். இரண்டு நிறப் புள்ளிகளை மாற்றி மாற்றி நெருக்கமாக வைத்தால், சற்றுத் தொலைவிலிருந்து பார்க்கும் நம் கண் அவற்றைத் தனித்தனியே பிரித்தறியாது. இரண்டும் கலந்த மூன்றாவது நிறமாகவே காணும். கறுப்பு மையில் அச்சான செய்தித்தாள் படம் ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். சாம்பல் நிறமாகத் தெரிந்த இடத்தில் உண்மையில் சாம்பல் நிறமே இருக்காது. கறுப்புப் புள்ளிகளும் அவற்றுக்கிடையே தெரியும் தாளின் நிறமுமே இருக்கும். 1880களில் பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூராவும் வண்ணங்களைக் குழைக்காமல் சிறு புள்ளிகளாக அருகருகே வைத்து ஓவியம் தீட்டினார்.

இந்த உத்தியின் அடிப்படை ஓர் எளிய கணக்கு. இரண்டு வரிசைகளில் நான்கு பிக்சல்கள் உள்ள ஒரு சிறு கட்டத்தை மனத்தில் கொள்ளுங்கள். நான்கும் வெள்ளையாக இருந்தால் வெள்ளை. ஒன்றைக் கறுப்பாக்கினால் வெளிர்சாம்பல். இரண்டைக் கறுப்பாக்கினால் நடுத்தரச் சாம்பல். மூன்றைக் கறுப்பாக்கினால் அடர்சாம்பல். நான்கையும் கறுப்பாக்கினால் கறுப்பு. ஆக, இரண்டே நிறங்களிலிருந்து ஐந்து படிநிலைகள் கிடைத்துவிட்டன. கட்டத்தில் 16 பிக்சல்கள் இருந்தால் 17 படிநிலைகளும், 64 பிக்சல்கள் இருந்தால் 65 படிநிலைகளும் கிடைக்கும்.

இனி, மாலை வானத்தை வரைந்து பார்ப்போம். முதலில் கருநீலம், ஊதா, செம்மஞ்சள் ஆகிய மூன்று நிறங்களையும் அகன்ற பட்டைகளாக இடுங்கள். ஊதாவும் செம்மஞ்சளும் சந்திக்கும் எல்லையில், சதுரங்கப் பலகையைப் போல இரண்டு நிறங்களையும் ஒன்றுவிட்டு ஒன்றாக வையுங்கள். அதற்கு மேலே செம்மஞ்சள் புள்ளிகளையும், கீழே ஊதாப் புள்ளிகளையும் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே செல்லுங்கள். கருநீலம் ஊதாவைச் சந்திக்கும் எல்லையிலும் இவ்வாறே செய்யுங்கள். பின்னர்த் திரையிலிருந்து சற்று விலகி நின்று பார்த்தால், பட்டைகளின் விளிம்புகள் மங்கி, வானம் மென்மையாகத் தோன்றும்.

இவ்வேலையை மென்பொருளும் செய்யும். ஏஸ்பிரைட் போன்ற பிக்சல் ஓவிய மென்பொருள்களில், வண்ணச் சாய்வுக் கருவியைத் தேர்ந்து, புள்ளி அமைப்பையும் குறிப்பிட்டால் போதும். நொடியில் வானம் நிரம்பிவிடும். ஒளிப்படங்களுக்கு ஏற்ற வேறொரு முறையை ராபர்ட் ஃபிளாய்டு, லூயிஸ் ஸ்டைன்பெர்க் ஆகிய இருவரும் 1976ஆம் ஆண்டு வெளியிட்டனர். கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 255 என்று கொள்வோம். ஒரு பிக்சலின் அளவு 100 என்றால், அது கறுப்புக்கே நெருக்கமானது, எனவே கறுப்பாக்கப்படும். அதனால் விடுபட்ட 100 வீணாவதில்லை. வலப்பக்கத்திலும் கீழ் வரிசையிலும் உள்ள நான்கு பிக்சல்களுக்கு அது பகிர்ந்தளிக்கப்படும். ஓரிடத்தில் குறைந்த ஒளி அண்டை இடங்களில் ஈடுசெய்யப்படுவதால், படத்தின் மொத்த ஒளி ஏறத்தாழ மாறாமல் இருக்கும்.

ஆயினும், எல்லாவற்றையும் மென்பொருளிடமே விட்டுவிட முடியாது. வானம், கடல், மணல் போன்ற பரந்த இடங்களுக்குப் புள்ளிக் கலப்பு பொருந்தும். ஒரு சிறிய முகத்தில் அதையே பயன்படுத்தினால், முகம் சொரசொரப்பாகத் தெரியும். கண்ணும் மூக்கும் புள்ளிகளுக்கிடையே மறைந்துபோகும். அசையும் படங்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. 2018இல் வெளிவந்த 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' என்னும் கணினி விளையாட்டை லூக்காஸ் போப் இரண்டே நிறங்களில் உருவாக்கினார். பார்வை திரும்பும்போது காட்சி நகர, புள்ளிகள் மட்டும் திரையில் அப்படியே நின்றதால் அது கண்ணை உறுத்தியது. புள்ளிகளும் காட்சியோடு சேர்ந்து நகரும்படி செய்ய அவர் பெரிதும் உழைத்தார்.

இன்றைய திரைகள் கோடிக்கணக்கான நிறங்களைக் காட்டவல்லவை. எனினும், பல ஓவியர்கள் தாமாகவே நான்கு அல்லது எட்டு நிறங்களோடு நிறுத்திக்கொள்கின்றனர். நிறங்கள் குறையும்போது, ஒவ்வொரு புள்ளியையும் எங்கே வைப்பது, ஏன் வைப்பது என்று சிந்திக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சிந்தனையே படத்துக்கு அழகூட்டுகிறது. நீங்களும் ஒரு கட்டத்தாளையும் இரண்டு வண்ணப் பென்சில்களையும் எடுத்து முயன்று பாருங்கள். வரைந்த தாளைச் சுவரில் ஒட்டிவிட்டுச் சில அடிகள் பின்னோக்கிச் செல்லுங்கள். நீங்கள் தீட்டாத மூன்றாவது நிறம் அங்கே உங்களுக்குத் தெரியும்.