கால்நடைச் செவிலியர் பயிற்சித் தரநிலைகள்

கால்நடைச் செவிலியர் பயிற்சித் தரநிலைகள் என்பன, கால்நடை மருத்துவருக்குத் துணையாகப் பணியாற்றுவோரின் பயிற்சி எவ்வாறு அமைய வேண்டும் என்பதை வரையறுக்கும் விதிகள் ஆகும். ஒரு பயிற்சி நிறுவனம் இவ்விதிகளை நிறைவு செய்கின்றதா என்பதை அந்நிறுவனத்தைச் சாராத அமைப்பொன்று ஆய்ந்து ஒப்புதல் அளிப்பது அங்கீகாரம் எனப்படும். பயிற்சி பெற்றவருக்கு வழங்கப்படும் சான்றிதழும், பயிற்சி அளிக்கும் நிறுவனத்துக்கு வழங்கப்படும் அங்கீகாரமும் வெவ்வேறானவை. மருத்துவர் உடனே வந்து சேர இயலாத கல்வராயன் மலை போன்ற பகுதிகளில் இத்தரநிலைகள் கூடுதல் முக்கியத்துவம் பெறுகின்றன.

இந்தியாவில் சட்ட நிலை

இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் 1984 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. இச்சட்டத்தில் கால்நடைச் செவிலியர் என்ற தனிப்பிரிவு இல்லை. பதிவு பெற்ற கால்நடை மருத்துவரே மருத்துவம் செய்யலாம் என்று இதன் 30 ஆம் பிரிவு கூறுகின்றது. எனினும், கால்நடை மேற்பார்வையாளர் அல்லது கால்நடை உதவியாளர் பட்டயமோ சான்றிதழோ பெற்றவரைச் சிறு மருத்துவப் பணிகள் செய்ய மாநில அரசு ஆணை மூலம் அனுமதிக்கலாம். அச்சான்றிதழ் ஒரு மாநிலக் கால்நடை பராமரிப்பு இயக்ககமோ, இந்தியாவிலுள்ள கால்நடை மருத்துவ நிறுவனமோ வழங்கியதாக இருத்தல் வேண்டும். பணியும் பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையிலும் வழிகாட்டலிலும் நடைபெற வேண்டும்.

தடுப்பூசி போடுதல், காயடித்தல், புண்ணுக்கு மருந்திட்டுக் கட்டுதல் போன்ற முதலுதவிகள் சிறு மருத்துவப் பணிகளாகக் கொள்ளப்படுகின்றன. மாநில அரசு அறிவிக்கை மூலம் இப்பட்டியலில் பிறவற்றையும் சேர்க்கலாம்.

சான்றிதழை யார் வழங்கலாம் என்று கூறும் இப்பிரிவு, அதற்குரிய பயிற்சியின் கால அளவையோ பாடத்திட்டத்தையோ குறிப்பிடவில்லை. இதற்கு மாறாக, கால்நடை மருத்துவப் பட்டப்படிப்புக்கு மன்றத்தின் குறைந்தபட்சத் தரநிலை ஒழுங்குமுறைகள் உள்ளன. 2016 ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி அப்படிப்பு ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி உட்பட ஐந்தரை ஆண்டுகள் கொண்டது. உதவியாளர் பயிற்சியோ மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றது. ஆந்திரப் பிரதேசம், இராசத்தான் ஆகிய மாநிலங்களில் கால்நடைப் பல்கலைக்கழகங்களின் கீழ் இரண்டாண்டுப் பட்டயப் படிப்புகள் நடத்தப்படுகின்றன. தமிழ்நாட்டின் கால்நடை பராமரிப்புத் துறையில் கால்நடை ஆய்வாளர், கால்நடை பராமரிப்பு உதவியாளர் ஆகிய பணியிடங்கள் உள்ளன.

குறுகிய காலத் தொழிற்பயிற்சிகளுக்கு வேறு ஏற்பாடு உண்டு. 2018 இல் அறிவிக்கப்பட்ட தேசியத் தொழிற்கல்வி மற்றும் பயிற்சி மன்றம், சான்றிதழ் வழங்கும் அமைப்புகளையும் மதிப்பீட்டு முகமைகளையும் அங்கீகரிக்கின்றது. கற்பிப்பவரும் தேர்வு செய்பவரும் ஒருவராகவே இராமல் பிரித்து வைப்பது இம்முறையின் பயன்களுள் ஒன்றாகும்.

பிற நாடுகளில்

பிரித்தானியாவில் கால்நடை மருத்துவருக்கான அரச கல்லூரி 1961 இல் விலங்குச் செவிலித் துணையாளர்களுக்கான பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. 1991 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் மூலம், பட்டியலில் இடம்பெற்ற செவிலியர்கள் மருத்துவரின் வழிகாட்டலில் சில சிகிச்சைகளைச் செய்யும் உரிமை பெற்றனர். 2007 இல் செவிலியர் பதிவேடு தொடங்கப்பட்டது.

அமெரிக்காவில் இப்பணியாளர்கள் கால்நடைத் தொழில்நுட்பர் எனப்படுகின்றனர். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் குழுவொன்று இவர்களுக்கான பயிற்சிகளை அங்கீகரிக்கின்றது. முதல் அங்கீகாரங்கள் 1973 இல் வழங்கப்பட்டன. மாணவர் கட்டாயமாகச் செய்து காட்ட வேண்டிய செயல்திறன்களின் பட்டியல் அங்கீகார விதிகளில் அடங்கும். தம் மாணவர்களின் தேசியத் தேர்வுத் தேர்ச்சி விழுக்காட்டை நிறுவனங்கள் பொதுவில் வெளியிடவும் வேண்டும்.

செய்முறைத் திறன்களின் தேவை

தடுப்பூசிப் பணி இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். 2019 இல் தொடங்கப்பட்ட தேசிய விலங்கு நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் கோமாரி நோய்க்கும், கருச்சிதைவு நோய் எனப்படும் புருசெல்லா நோய்க்கும் தடுப்பூசி போடப்படுகின்றது. கோமாரித் தடுப்பூசியை 2 முதல் 8 பாகை செல்சியசு வெப்பநிலையில் பேண வேண்டும். உறைந்தாலும் சூடேறினாலும் அதன் ஆற்றல் கெடும். புருசெல்லா தடுப்பூசி 4 முதல் 8 மாத வயதுடைய கிடேரிக் கன்றுகளுக்கு மட்டுமே உரியது. அதில் உயிருள்ள நுண்ணுயிர் இருப்பதால், ஊசி தவறிக் கையில் குத்தினால் போடுபவருக்கே நோய் தொற்றக்கூடும்.

இதேபோல், அடைப்பான் நோயால் இறந்ததாக ஐயுறப்படும் மாட்டின் உடலை அறுக்கலாகாது. அறுத்தால் நோய்க்கிருமி காற்றுப் பட்டுச் சிதல்களாக மாறி மண்ணில் பல்லாண்டுகள் தங்கிவிடும். இவற்றை ஏட்டில் படித்தால் மட்டும் போதாது. குளிர்பெட்டியைக் கையாளுதல், விலங்கைக் கட்டுப்படுத்துதல், கையுறை அணிதல், மருத்துவரிடம் எப்போது ஒப்படைப்பது என்று அறிதல் ஆகியவற்றைச் செய்து காட்டும் தேர்வு தேவை.

கல்வராயன் மலைப் பகுதி

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலை, கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் பரந்துள்ளது. மலையாளி எனப்படும் பழங்குடியினர் இங்கு வாழ்கின்றனர். கள்ளக்குறிச்சி 2019 இல் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டமானது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தை ஒட்டிய தலைவாசலில், 2021 இல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் திறக்கப்பட்டன.

ஒன்றிய அரசின் திட்டத்தின் கீழ் இயங்கும் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திகளை 1962 என்ற தொலைபேசி எண்ணில் அழைக்கலாம். ஒவ்வோர் ஊர்தியிலும் ஒரு மருத்துவர், ஒரு துணை மருத்துவப் பணியாளர், ஓர் ஓட்டுநர் ஆகியோர் இடம்பெறுவர். இத்தகைய ஊர்தியில் மருத்துவர் அருகிலேயே இருப்பதால், சட்டம் கூறும் மேற்பார்வை நேரடியாக அமைகின்றது. ஊர்தி வந்து சேரும் வரை, சிதறிக் கிடக்கும் மலைச் சிற்றூரில் உதவியாளர் தனித்தே முடிவெடுக்க நேரிடலாம். வயிறு உப்பிய மாட்டுக்கோ, கன்று ஈன இயலாமல் தவிக்கும் பசுவுக்கோ காலந்தாழ்த்துவது உயிரிழப்பில் முடியும். அவ்வேளையில் உதவியாளரின் தவற்றைத் திருத்த அருகில் எவரும் இரார். ஆகவே மேற்பார்வை நேரடியாகக் கிடைக்காத இடங்களில், முன்னரே பெற்ற பயிற்சியின் தரமே விலங்குக்கும் அதை வளர்ப்பவருக்கும் பாதுகாப்பாக அமைகின்றது.