பேர் இல்லாத பேரேடு

கிரிப்டோ நாணயம் என்பது ஒரு கணக்குப் பதிவு. இந்த முகவரியிலிருந்து அந்த முகவரிக்கு இவ்வளவு போயிற்று என்று எழுதப்பட்ட வரிதான் நாணயம். அதற்குத் தனியாக உருவம் கிடையாது. அந்த வரிகள் அடங்கிய பேரேடு எந்த வங்கியின் அலமாரியிலும் பூட்டி வைக்கப்படவில்லை. உலகெங்கும் பரவிய ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே மாதிரிப் பிரதிகளாக இருக்கிறது. புதிதாக ஒரு வரி ஏற வேண்டுமானால் பிரதிகள் ஒத்துப்போக வேண்டும். ஏறிய வரியை யாரும் அடிக்கவோ திருத்தவோ முடியாது. பிளாக்செயின் என்று பெயர் பெற்றது இந்தப் பேரேடுதான்.

டி. கல்லுப்பட்டி, பேரையூர், உசிலம்பட்டி வட்டாரத்தில் இதற்குக் கிட்டத்தில் நிற்கும் பொருள் மொய் நோட்டு. காதுகுத்தோ கல்யாணமோ, பந்தல் ஓரத்தில் மேசை போட்டு ஊர், பெயர், தொகை என்று எழுதி ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். கொடுத்தவர், எழுதியவர், கேட்டுக்கொண்டிருந்தவர் எல்லாருமே சாட்சி. இப்போது பல விசேஷங்களில் கணினியில் பதிந்து ரசீதும் கிழித்துக் கொடுக்கிறார்கள். இந்தச் செய்முறைக்கு வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, ஈடு கிடையாது. கொடுத்தவர் வீட்டில் விசேஷம் வரும்போது திரும்பச் செய்தாக வேண்டும், அவ்வளவுதான். செய்யாமல் விட்டால் கோர்ட்டு கேட்காது, ஊர் கேட்கும். நோட்டில் உள்ள பெயரே அங்கே ஈடு.

கிரிப்டோ பேரேட்டில் எல்லாம் உண்டு, அந்தப் பெயர் மட்டும் இல்லை. எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட முகவரி தெரியும். அதன் பின்னால் இருக்கும் ஆள் தெரியாது. கிரிப்டோ சமூகத்தின் வாங்கல், கடன், கலைவேலை மூன்றையும் இந்த ஒரு குறை எப்படி வளைத்தது என்பது இந்த வாரத்துக் கணக்கு.

வாங்கலிலிருந்து தொடங்கலாம். பிட்காயின் பேரேட்டின் முதல் பக்கம் எழுதப்பட்டது 2009 ஜனவரி 3 அன்று. ஓராண்டுக்கு மேல் அதை வைத்து யாரும் ஒரு பொருளும் வாங்கியதாகத் தெரியவில்லை. 2010 மே 22 அன்று அமெரிக்காவில் ஒருவர் 10,000 பிட்காயின் கொடுத்து இரண்டு பீட்சா வாங்கினார். நாணயத்துக்கு முதன்முதலாக ஒரு பண்ட விலை கிடைத்தது அன்றுதான். ஆனால் அதன் பிறகு பெரும்பாலானவர்கள் பண்டம் வாங்குவதற்காக நாணயம் வாங்கவில்லை. நாளைக்கு விலை ஏறும் என்று நாணயத்தையே பண்டமாக வாங்கி வைத்தார்கள்.

இந்தியாவில் இந்த வாங்கலுக்குச் சட்டம் காட்டிய முகம் பலமுறை மாறியது. 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, கிரிப்டோ வியாபாரத்துக்கு வங்கிகள் சேவை தரக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022 பட்ஜெட்டில் லாபத்துக்கு 30 விழுக்காடு வரி வந்தது. ஒரு நாணயத்தில் பட்ட நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழித்துக்கொள்ள முடியாது. அதே ஆண்டு ஜூலை 1 முதல் விற்பனைத் தொகையில் 1 விழுக்காடு பிடித்தமும் சேர்ந்தது. வரி கட்டச் சொன்ன அரசு, இது செல்லுபடியாகும் பணம் என்று எங்கும் சொல்லவில்லை.

அப்படியானால் இது என்ன? சென்னை உயர் நீதிமன்றத்தில் இந்தக் கேள்வி நேராக வந்து நின்றது. 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் என்ற இந்தியச் சந்தையிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவு போயின. இழப்பை எல்லா வாடிக்கையாளர் தலையிலும் பகிர்ந்து வைக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. அதே சந்தையில் 3,532.30 எக்ஸ்ஆர்பி நாணயம் வைத்திருந்த சென்னை வாடிக்கையாளர் ஒருவர், களவு போனது வேறு வகை நாணயம், என்னுடையது அப்படியே இருக்கிறது என்று வழக்குப் போட்டார். 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ நாணயம் ஒரு சொத்து, அதை ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பில் வைத்திருக்க முடியும் என்று கூறி, அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு வழங்கினார். நிலம், நகை போல உடைமை என்ற தகுதி இந்தத் தீர்ப்பில் கிடைத்தது.

சொத்து என்றாலும் அதன் மதிப்பைத் தாங்கி நிற்பது எது என்ற கேள்வி தீரவில்லை. டி. கல்லுப்பட்டிக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 1940இல் கோ. வேங்கடாசலபதி அங்கே தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். தஞ்சாவூரில் 1892இல் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதி படித்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டன் இந்தியாவில் சரக்கை எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாக லண்டனில் கடன் பத்திரம் எழுதி வைத்து, இங்கே ரூபாய் நோட்டு அச்சடித்தது. சரக்கு போய்த் தாள் மட்டும் பெருகுவதை எதிர்த்து எழுதியதற்காகச் சிறை சென்றவர் அவர். தாள் நாணயத்தைப் பார்த்து ஒரு கணக்கர் கேட்க வேண்டிய கேள்வியை அவர் கேட்டார்: இதன் பின்னால் என்ன பண்டம் இருக்கிறது?

காந்தி இயக்கம் கண்டுபிடித்த பதில் நூல். 1924இல் பெல்காம் காங்கிரஸ், உறுப்பினர் சந்தாவாக மாதம் 2,000 கெஜம் நூல் என்று விதித்தது. 1940களில் நூலையே நாணயமாகக் கொள்ளும் யோசனையைக் காந்தி முன்வைத்தார். 1945இல் காந்தி இயக்கத்தின் சர்க்கா சங்கம், கதர் வாங்க வருபவர் விலையில் ஒரு சிறு பங்கை நூலாகவே தர வேண்டும் என்றது. ஒரு சிட்டம் நூல் என்பது ஒருவர் உட்கார்ந்து நூற்ற நேரத்தின் அளவு. அதை யாரும் அச்சடிக்க முடியாது.

பிட்காயினும் உழைப்பைத்தான் அடிப்படையாகச் சொல்கிறது. கணினி ஒரு கடினமான கணக்கைப் போட்டு முடித்தால் புது நாணயம் பிறக்கும். மொத்தம் 2.1 கோடிக்கு மேல் பிறக்காது என்ற வரம்பும் உண்டு. ஆனால் அந்தக் கணக்கின் விடைக்குப் பேரேட்டைக் காப்பதைத் தவிர வேறு பயன் இல்லை. செலவான மின்சாரம் செலவானதுதான். சிட்டமோ நாணயமாகப் புழங்கி முடித்த பிறகும் வேட்டியாக நெய்யப்படும். நூலுக்கும் சங்கடம் இருந்தது. தரம் ஆளுக்கு ஆள் மாறும், எடை பார்க்க வேண்டும், சேர்த்து வைத்தால் பூச்சி அரிக்கும். காங்கிரஸ் சந்தாவில் பிறர் நூற்றதை விலைக்கு வாங்கிக் கட்டவும் இடம் இருந்ததால், உழைப்பின் அடையாளம் என்ற நோக்கமே தளர்ந்தது. அடுத்த ஆண்டே அந்தக் கட்டாயம் கைவிடப்பட்டது.

கடன் விஷயத்தில் பெயர் இல்லாத குறை முழுசாக வெளிப்படுகிறது. தெரிந்தவர்களுக்குள் கைமாற்று நடக்கும். தெரியாதவரிடம் அடகு வைத்தால்தான் பணம். கிரிப்டோ சமூகத்தில் எல்லாரும் எல்லாருக்கும் தெரியாதவர்கள் என்பதால் அங்கே எழுதப்பட்ட கடன் நிரல்கள் ஏறத்தாழ எல்லாமே அடகுக் கடைகள். 2017 டிசம்பரில் தொடங்கிய மேக்கர் என்ற அமைப்பில், 100 டாலர் மதிப்புள்ள டாய் நாணயம் கடன் வாங்க 150 டாலர் மதிப்புக்காவது ஈதர் நாணயம் பூட்டி வைக்க வேண்டியிருந்தது. கையெழுத்து, ஜாமீன், சிபாரிசு எதுவும் வேண்டியதில்லை. ஈட்டின் மதிப்பு அந்த வரம்புக்குக் கீழே இறங்கினால் நிரல் தானாகவே ஏலம் விட்டுவிடும்.

நகைக்கடன் வைத்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். தங்கத்தின் மதிப்பில் ஒரு பங்கைத்தான் கடையில் தருவார்கள். 2025இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளில் அந்தப் பங்கு இரண்டரை லட்சம் ரூபாய் வரையான கடனுக்கு 85 விழுக்காடு, ஐந்து லட்சத்துக்கு மேல் 75 விழுக்காடு. வேறுபாடு கெடுவில் இருக்கிறது. நகை மூழ்குவதற்கு முன் நோட்டீஸ் வரும், ஏலத்துக்கு நாள் குறிப்பார்கள், கடன் போக மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும். கடைக்காரரிடம் போய் இன்னும் பத்து நாள் என்று கேட்கவும் ஒரு மனிதர் இருப்பார். நிரலுக்குக் காது கிடையாது. 2020 மார்ச் 12 அன்று கொரோனா பீதியில் ஈதர் விலை ஒரே நாளில் பாதிக்கு அருகே சரிந்தது. பேரேட்டில் எழுத நெரிசல் முட்டியது. மேக்கரின் ஏலங்களில் போட்டியாகக் கேட்க ஆள் வராமல், சுமார் 83 லட்சம் டாலர் மதிப்புள்ள ஈடுகள் சுழியம் விலைக்குப் போயின. விதி எழுதியபடியே நிரல் நடந்தது. ஈடு வைத்தவர்கள் வெறுங்கையோடு நின்றார்கள்.

இதைவிட மோசமானது இன்னொரு வகை. நாணயத்தை எங்களிடம் போட்டு வையுங்கள், வட்டி தருகிறோம் என்ற நிறுவனங்கள். அமெரிக்காவின் செல்சியஸ் 2022 ஜூன் 12 அன்று வாடிக்கையாளர்கள் பணம் எடுப்பதை நிறுத்தியது. சிங்கப்பூரில் பதிவாகி இந்திய வாடிக்கையாளர்களையும் கொண்டிருந்த வால்ட் ஜூலை 4 அன்று நிறுத்தியது. வங்கியில் போட்ட பணத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை உள்ள காப்பீடு இங்கே கிடையாது. செய்முறையின் பெயர் அறிமுகமும் இல்லை, அடகின் ஈடும் இல்லை. அதிக வட்டி என்ற வாக்கு மட்டும் இருந்த இடம் இது.

கடன் நிரல் எழுதியவர்களில் ஒரு தமிழரும் உண்டு: விக்னேஷ் சுந்தரேசன். கனடாவில் பிட்காயின் எந்திரம் தயாரிக்கும் நிறுவனத்தைக் கூட்டாளிகளுடன் தொடங்கியவர். 2017, 2018 ஆண்டுகளில் லெண்ட்ராய்ட் என்ற கடன் அமைப்பைக் கட்ட முனைந்தார். உலகம் அவரை அறிந்தது கலை வாங்கியதால். 2021 மார்ச் 11 அன்று கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தில் பீப்பிள் என்ற மைக் விங்கில்மனின் 'எவ்ரிடேஸ்' படம் 6.93 கோடி டாலருக்குப் போனது. 2007 மே 1 முதல் நாளுக்கொரு படமாக வரைந்த 5,000 படங்களை ஒரே சட்டத்தில் அடுக்கிய கணினிக் கோப்பு அது. ஏலம் தொடங்கிய விலை 100 டாலர். மெட்டாகோவன் என்ற புனைபெயரில் விலை கேட்ட சுந்தரேசன் 42,329 ஈதர் செலுத்தினார். பெயர் இல்லாத பேரேட்டில் ஒரு வாரம் புனைபெயராகவே நின்றவர், பிறகு தாமே முன்வந்து பெயரைச் சொன்னார். கூட்டாளியான முன்னாள் பத்திரிகையாளர் ஆனந்த் வெங்கடேஸ்வரனும் சேர்ந்து எழுதிய அறிவிப்பில், கலைக்குப் புரவலராக இருக்க மேற்கத்தியர்களால் மட்டும்தான் முடியும் என்பதில்லை என்று காட்டவே இதைச் செய்ததாகச் சொன்னார்கள்.

வாங்கியவருக்குக் கிடைத்தது என்ன? படத்தை யார் வேண்டுமானாலும் பதிவிறக்கிப் பார்க்கலாம். பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கிறது. இந்தப் படத்துக்கு உரியவர் இந்த முகவரிக்காரர் என்ற ஒரு வரிதான் அவர் கைக்கு வந்தது. என்எஃப்டி என்பது அந்த வரி. ஓவியர் தம் ஈதரைச் சீக்கிரமே டாலராக மாற்றிக்கொண்டார்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு இன்னொரு சோதனையும் நடந்தது. பீப்பிளின் 20 படங்களைச் சுந்தரேசனின் மெட்டாபர்ஸ் வாங்கி, இணைய வெளியில் அருங்காட்சியகம் கட்டி வைத்து, உரிமையை ஒரு கோடி பங்குகளாகப் பிரித்தது. பி.20 என்று பெயர். ஆரம்ப விலை 36 சென்ட். கிறிஸ்டீஸ் ஏல நாட்களில் 23 டாலரைத் தொட்டு, சில மாதங்களில் ஒரு டாலருக்கும் கீழே வந்தது. பீப்பிளுக்கும் அதில் 2 விழுக்காடு இருந்தது. படம் மாறவில்லை, அருங்காட்சியகமும் மாறவில்லை. உச்சத்தில் வாங்கியவர்களுக்குப் படத்தின் மேல் இருந்த அக்கறை எவ்வளவு என்பதை அந்த விலைக்கோடே காட்டிவிடுகிறது. சுந்தரேசன் கலையை விடவில்லை. சிங்கப்பூரில் அவர் நிறுவிய கலைக்கூடத்துக்குப் படிமை என்று தமிழ்ப் பெயர் வைத்தார்.

வரி மட்டும் நிலைத்துப் பொருள் மறைந்த கதையும் உண்டு. எஃப்1 டெல்டா டைம் என்ற கார்ப் பந்தய விளையாட்டில் 2019இல் ஒரு கார் 415.9 ஈதருக்கு, ஒரு லட்சம் டாலருக்கு மேல், விற்றது. உரிமம் புதுப்பிக்கப்படாமல் 2022 மார்ச்சில் விளையாட்டு மூடப்பட்டது. காரின் பதிவு பேரேட்டில் இருக்கிறது. ஓட்டத் தடம் இல்லை.

கலைஞர்களை இந்தச் சமூகத்துக்கு உண்மையாக இழுத்தது மறுவிற்பனைப் பங்கு. படம் கைமாறும் ஒவ்வொரு முறையும் 5 அல்லது 10 விழுக்காடு வரைந்தவருக்குப் போகும் என்ற வாக்கு. கேன்வாஸ் ஓவியத்தை ஆயிரத்துக்கு விற்றுவிட்டு, அது லட்சத்துக்குக் கைமாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனால் அந்தப் பங்கு பேரேட்டின் விதியில் இல்லை. சந்தைகளின் நல்லெண்ணத்தில் இருந்தது. சந்தைகளுக்குள் போட்டி முற்றியதும் ஒரு காலத்தில் மிகப் பெரிய சந்தையாக இருந்த ஓபன்சீ, 2023 ஆகஸ்ட் 31க்குப் பிறகு வரும் படத்தொகுப்புகளுக்குப் பங்கு தருவது விற்பவர் விருப்பம் என்று ஆக்கிவிட்டது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தத்திலிருந்தே இந்தப் பங்கு எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. மூல ஓவியமோ சிற்பமோ கையெழுத்துப் பிரதியோ பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், முதல் உரிமையாளராக இருந்த கலைஞரோ அவருடைய வாரிசுகளோ விலையில் பத்து விழுக்காடு வரை கேட்கலாம். கேட்பதற்கு முன் படம் விற்றது, விற்றவர் யார், வாங்கியவர் யார் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

(தொடரும்)